திரையரங்கும் ஒரு தொகைநூலே

தமிழ் இலக்கிய வரலாறு பயில்வோர் பாடியோரை அறிந்த அளவிற்குத் தொகுத்தோரை அறிவதில்லை. கபிலரையும் பரணரையும் ஔவையாரையும் நெஞ்சில் நிறுத்தும் நாம், குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவையும் ஐங்குறுநூற்றைத் தொகுத்த கூடலூர் கிழாரையும் அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மனாரையும் தேர்வுத் தாளில் ஒரு வரியில் எழுதிவிட்டு மறந்து விடுகிறோம். தொகுத்தோர் இல்லையேல் பாடியோருள் பலர் பெயரளவிலேனும் எஞ்சியிருப்பரா என்பது ஐயமே.

தொகுத்தல் என்பது கிடைத்தவற்றை ஒன்றாகக் கட்டி வைக்கும் வேலை அன்று. ஐங்குறுநூறு திணைக்கு நூறாகப் பாடல்களைப் பகுத்து வைத்தது. அகநானூறோ வேறு நெறியைக் கைக்கொண்டது. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இவ்வொழுங்கு நானூறு பாடல்களிலும் மாறாது தொடர்கிறது. பாலையின் பிரிவிலிருந்து குறிஞ்சியின் கூடலுக்கும், மீண்டும் பாலைக்கும், அங்கிருந்து முல்லையின் காத்திருப்புக்கும் கற்போன் நெஞ்சம் மாறி மாறிச் செல்கிறது. ஒருவகைப் பாடலிலேயே தோய்ந்து சலிப்படையாமல், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளந்தறியும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டுகிறது.

இக்கலை ஏட்டுச் சுவடிக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் கலையாகிய திரைப்படத்திலும் தொகுப்போர் இருந்தனர். பெருநிறுவனங்களின் பிடிக்குள் அடங்காது தனித்தியங்கிய சிறு திரையரங்குகளில், ஒரே நாளில், ஒரே மாலையில், ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போல் தோன்றும் படங்களை அடுத்தடுத்துத் திரையிட்டவர்கள் அவர்கள். அத்தகைய ஒரு நாளின் பெருமை படங்களின் எண்ணிக்கையில் இல்லை. அவற்றைத் தேர்ந்து நிரல்படுத்திய அறிவில் இருக்கிறது. அந்த அறிவைத்தான் இன்று நாம் இழந்து வருகிறோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நியூயார்க்கில் ஒரு மாலை

1947ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலுள்ள பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்னும் சிறு நாடக அரங்கில் ஒரு திரையிடல் நிகழ்ந்தது. ஏறத்தாழ இருநூறு இருக்கைகளே கொண்ட அரங்கு அது. நடத்தியவர் ஏமஸ் வோகல் என்னும் இளைஞர். 1921இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றியபின் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவை அடைந்தவர். தம் மனைவி மார்சியாவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய அமைப்பிற்குச் 'சினிமா 16' என்பது பெயர். திரையரங்குகளில் வழங்கிய 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு மாறாக, பள்ளிகளிலும் சங்கங்களிலும் எளிதிற் கையாளத்தக்க 16 மில்லிமீட்டர் சுருளைக் குறித்தே அப்பெயர் அமைந்தது.

அம்முதல் நிகழ்ச்சியில் ஐந்து குறும்படங்கள் இடம்பெற்றன. மார்த்தா கிரகாமின் நடனத்தைக் காட்டிய 'லேமென்டேஷன்' ஒன்று. குரங்கினங்களின் வாழ்வை ஆராய்ந்த 'மங்கி இன்டு மேன்' என்னும் அறிவியற் படம் ஒன்று. சிட்னி பீட்டர்சனும் ஜேம்ஸ் பிராட்டனும் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த, கனவுபோல் தருக்கம் கடந்து செல்லும் 'தி பாட்டட் சாம்' ஒன்று. மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் கோடுகளைப் பற்றி பிலிப் ஸ்டாப் படைத்த 'பவுண்டரி லைன்ஸ்' என்னும் அசையும் ஓவியப் படம் ஒன்று. வண்ணமும் வடிவமுமே பொருளாகிய, டக்ளஸ் கிராக்வெல்லின் 'கிளென்ஸ் ஃபால்ஸ் சீக்வென்ஸ்' ஒன்று.

நடனம், விலங்கியல், கனவு, சமூக நீதி, தூய வடிவம் என ஐந்து திணைகள் ஒரு மாலைக்குள் அடங்கின. நடனம் காண வந்தவர் குரங்கைக் கண்டார். அறிவியல் நாடி வந்தவர் கனவைக் கண்டார். தாம் விரும்பியதை மட்டும் கண்டு திரும்பும் வழியை வோகல் அடைத்து வைத்தார் எனலாம். ஒருவர் விரும்புவதை அவருக்கு அளிப்பது வணிகம்; அவர் விரும்பக்கூடும் என அவரே அறியாததை அவர்முன் வைப்பது கல்வி. சினிமா 16 இவ்விரண்டாவது பணியையே மேற்கொண்டது.

அருகருகே வைத்தல்

பல்வேறு படங்களை அடுத்தடுத்துக் காட்டுவதில் அப்படி என்ன நன்மை உண்டு, தனித்தனி நாள்களில் கண்டால் ஆகாதா எனச் சிலர் வினவலாம். இதற்குத் திரைக்கலையின் இயல்பே விடை கூறும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை திரைப்படம் பயில்வோர் அனைவரும் அறிந்தது. உணர்ச்சி ஏதும் காட்டாத நடிகர் ஒருவரின் ஒரே முகத்தை உணவுக் கிண்ணத்தை அடுத்தும் சவப்பெட்டியை அடுத்தும் அவர் காட்டினார். கண்டோர் முன்னதில் பசியையும் பின்னதில் துயரையும் அம்முகத்தில் கண்டனர் என்பர். முகம் மாறவில்லை, அருகிலிருந்த பொருள் மாறியது.

காட்சிக்குப் பொருந்தும் இவ்விதி முழுப்படத்திற்கும் பொருந்தும். இதற்குச் சினிமா 16 வரலாற்றிலேயே கூர்மையான சான்றொன்று உண்டு. 1940இல் ஃபிரிட்ஸ் ஹிப்லர் இயக்கிய 'தி இட்டர்னல் ஜூ' என்பது யூத மக்கள்மீது வெறுப்பை மூட்டுவதற்கென்றே நாஜி ஆட்சி எடுத்த படம். அதே வெறுப்பால் தாய்நாட்டை இழந்த வோகல், அதனைத் தம் உறுப்பினர்களுக்குத் திரையிட்டார். வெறுப்பு எவ்வாறு புனையப்படுகிறது என்பதை மக்கள் தம் கண்ணாலேயே கண்டு தெளிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பெர்லினில் கொலைக்கு வழிகோலிய அதே சுருள், நியூயார்க்கில் கொலைகாரர்க்கு எதிரான சாட்சியாயிற்று. படம் ஒன்றே, யார், எங்கே, எவர்க்கு, எதனோடு சேர்த்துக் காட்டினார் என்பதே வேறுபாடு. தொகுப்போன் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உறுப்பினரும் தணிக்கையும்

நோக்கம் உயர்ந்ததாயினும் அரங்கிற்கு வாடகை கட்ட வேண்டும். சினிமா 16 இரண்டு இடர்களைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டது. ஒன்று பொருள், மற்றொன்று தணிக்கை. ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியே சீட்டு விற்றால், மழையோ பனியோ வந்த நாளில் அரங்கு வெறுமையாகும். விளம்பரச் செலவு தலைமேல் நிற்கும். பொதுமக்களுக்குச் சீட்டு விற்றுக் காட்டும் படமெனில், நியூயார்க் மாநிலத் தணிக்கை அலுவலரின் முத்திரையும் வேண்டும். அக்காலத்து அமெரிக்காவில் திரைப்படத்திற்குக் கருத்துரிமைப் பாதுகாப்பு இல்லை. 1915இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் திரைப்படத்தை வெறும் வணிகமெனத் தீர்ப்பளித்திருந்தது. ரோசெல்லினியின் 'தி மிராக்கிள்' தொடர்பான வழக்கில் 1952இல்தான் அந்நிலை மாறியது.

இரு இடர்க்கும் வோகல் கண்ட மருந்து ஒன்றே: உறுப்பினர் முறை. ஆண்டுச் சந்தாவை முன்னதாகச் செலுத்தியோர்க்கு மட்டுமே காட்சி. இதனால் பணம் முன்கூட்டியே கைக்கு வந்தது. தனிச் சங்கம் ஆதலின் தணிக்கையும் தொடவில்லை. மூன்றாவதாக ஒரு நன்மையும் விளைந்தது. சந்தா செலுத்தியவர் குறிப்பிட்ட ஒரு படத்தை விலைக்கு வாங்கவில்லை. தேர்வோன்மீது கொண்ட நம்பிக்கைக்கே விலை தந்தார். ஆதலின் அறிமுகமற்ற படத்தையும் அஞ்சாது வைக்க முடிந்தது. பிடிக்காதவர் முணுமுணுத்தனர், சிலர் எழுந்தும் சென்றனர், ஆயினும் அடுத்த நிகழ்ச்சிக்கு மீண்டும் வந்தனர். உறுப்பினர் தொகை பெருகி ஒரு காலத்தில் ஏறத்தாழ 7000ஐ எட்டியது. 1600 இருக்கைகள் கொண்ட பள்ளி அரங்கு ஒன்றில் காட்சிகள் நடந்தன. மக்கள் எளிமையானதையே விரும்புவர் என்று கூறுவோர்க்கு இவ்வெண்களே மறுமொழி.

தேர்வோன் மீதான குற்றச்சாட்டு

இனி மறுதரப்பையும் நோக்குதல் முறை. தேர்வோன் ஒருவன் இருப்பின், தள்ளப்படுவோரும் இருப்பர். தேர்வோன் தவறினால் கேட்பார் யார்? ஸ்டான் பிரக்கேஜ் என்னும் இளங்கலைஞர் 1958இல் படைத்த 'ஆன்டிசிபேஷன் ஆஃப் தி நைட்' என்னும் படத்தைச் சினிமா 16 ஏற்கவில்லை. பின்னாளில் அமெரிக்கச் சோதனைத் திரைப்படத்தின் தலைமகனாகப் போற்றப்பட்டவர் பிரக்கேஜ். இத்தகைய மறுப்புகளால் மனம் புண்பட்ட படைப்பாளர்கள் ஜோனஸ் மெக்காஸ் என்பாரைச் சூழ்ந்து திரண்டனர். 1962இல் 'ஃபிலிம் மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ்' என்னும் கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. எவர் படம் தந்தாலும் ஏற்பது, எதனையும் தேர்ந்து தள்ளாதிருப்பது என்பது அதன் கொள்கை.

இக்கொள்கையில் நேர்மை உண்டு, மறுப்பதற்கில்லை. படைப்பாளிக்கு அது வாயிற்கதவைத் திறந்தது. ஆயின் பார்வையாளனுக்கு? ஆயிரம் சுருள்கள் அடுக்கப்பட்ட அறையின்முன் நிற்பவன் எதனை முதலில் எடுப்பான்? இவ்வினாவிற்கு விடையளித்தவர் வேறெவரும் அல்லர், அதே மெக்காஸ்தான். 1970இல் அவரும் நண்பர்களும் நியூயார்க்கில் புதிய திரையரங்கு ஒன்றைத் திறந்தனர். திரைக்கலையின் இன்றியமையாப் படைப்புகளைத் தேர்வதற்கெனக் குழு ஒன்றை அமைத்தனர். சினிமா 16இன் முதல் மாலையில் இடம்பெற்ற படத்தின் படைப்பாளருள் ஒருவராகிய ஜேம்ஸ் பிராட்டனும் அக்குழுவில் இருந்தார். ஏறத்தாழ 330 படங்களைத் தேர்ந்து, சுழற்சி முறையில் மீண்டும் மீண்டும் திரையிடும் வகையில் வகுத்தனர். அவ்வரங்கிற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஆன்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ்'. ஆன்தாலஜி எனில் தொகைநூல் என்பது பொருள். தேர்வையே மறுத்துப் புறப்பட்டவர்கள், இறுதியில் தொகைநூல் என்னும் பெயரிலேயே வந்து சேர்ந்தனர். பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்றில் அவ்வரங்கு இன்றும் இயங்கி வருகிறது.

இதனால் நாம் பெறும் தெளிவு யாது? தேர்வோன் தவறக் கூடும். ஆதலின் தேர்வோர் பலராக இருத்தல் வேண்டும். எட்டுத்தொகையையும் ஒருவரே தொகுத்திருந்தால் அவர் விரும்பாதன யாவும் அழிந்திருக்கும். அரங்குகளும் பலவாதல் வேண்டும். அவை வெவ்வேறு சுவையினர் கையில் இருத்தல் வேண்டும். குறையுடைய தேர்வுக்கு மாற்று, மற்றொரு தேர்வே அன்றித் தேர்வின்மை அன்று.

ஓர் அரங்கின் முடிவு

தனி அரங்கின் வாழ்வு எளிதில் முறியக்கூடியது. சினிமா 16 செலவு பெருகியதால் 1963இல் நின்றது. அதே ஆண்டில் வோகல், ரிச்சர்ட் ரவுட் என்பாருடன் சேர்ந்து நியூயார்க் திரைப்பட விழாவைத் தொடங்கினார் என்பது ஆறுதல்.

இலண்டனில் கிங்ஸ் கிராஸ் பகுதியில் இயங்கிய ஸ்காலா அரங்கின் முடிவு வேறுவகை. 1981இல் அவ்விடத்திற்கு வந்த அவ்வரங்கு, நாள்தோறும் படங்களை மாற்றியது. ஒரே சீட்டில் இரண்டு, மூன்று படங்களைக் காட்டியது. மாத நிகழ்ச்சி நிரலை அச்சிட்ட பெருந்தாளை இளைஞர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தனர். 1992இல் அவ்வரங்கு ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஏ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தை இசைவின்றித் திரையிட்டது. பிரிட்டனில் அப்படத்தை வழக்கிலிருந்து விலக்கி வைத்திருந்தவர் குப்ரிக்கே. வழக்கு எழுந்தது, அரங்கு தோற்றது. வாடகை ஒப்பந்தத்தின் முடிவும் வீடுதோறும் வீடியோ பரவியதும் சேர, 1993இல் ஸ்காலா மூடப்பட்டது. பின்னர் அக்கட்டடம் இசைக் கூடமாயிற்று. படைத்தவன் உரிமையை மதியாமை தவறே. அதனை நியாயப்படுத்த இயலாது. எனினும், பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் புதியதொரு தொகைநூலை விரித்து வைத்த அரங்கு மறைந்ததும் ஒரு நகரத்தின் கல்விக்கு நேர்ந்த இழப்பே ஆகும்.

நம் நாட்டில்

வோகல் நியூயார்க்கில் தொடங்கிய அதே 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஒருவரை ஒருவர் அறியாமலே இரு நகரங்களில் ஒரே ஆண்டில் ஒரே எண்ணம் முளைத்தது. அச்சங்கத்தில் உலகப் படங்களைக் கண்டு விவாதித்த ராய், எட்டாண்டுகள் கழித்து 1955இல் 'பதேர் பாஞ்சாலி'யை அளித்தார். திருவனந்தபுரத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் நிறுவிய சித்ரலேகா திரைப்படச் சங்கம் கேரளம் முழுவதும் அவ்வியக்கத்திற்கு வித்திட்டது. 1972இல் அவருடைய 'சுயம்வரம்' வெளிவந்தது. நல்ல பார்வையாளர் கூட்டத்திலிருந்தே நல்ல படைப்பாளன் எழுகிறான் என்பதற்கு இவை சான்று.

இன்றைய நிலை

இன்று நம்மிடம் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே கட்டடத்தில் ஆறு திரை, எட்டுத் திரை என எழுகின்றன. ஆயின் புகழ்மிக்க நடிகரின் படம் வெளியாகும் நாளில் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரே படமே ஓடுகிறது. அன்று ஒரு திரையில் ஐந்து படம். இன்று ஐந்து திரையில் ஒரு படம். இதனை வளர்ச்சி எனப் போற்றுதல் எங்ஙனம்?

கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளனவே எனலாம். உண்மை. ஆங்கும் ஒரு தேர்வோன் உண்டு, அவன் கணிப்பொறி. நாம் நேற்றுக் கண்டதைக் கணக்கிட்டு, அதனை ஒத்ததையே இன்றும் நீட்டுகிறது. சண்டைப் படம் கண்டவனுக்கு மீண்டும் சண்டைப் படம். சிரிப்புப் படம் கண்டவனுக்கு மீண்டும் சிரிப்புப் படம். பாலை விரும்பியவனுக்குப் பாலையே காட்டி, நெய்தல் என ஒன்று உண்டு என்பதையே மறக்கச் செய்யும் தொகைநூல் அது. வோகலோடு நாம் வாதிடலாம், ஏன் இதனை வைத்தீர் என வினவலாம். இத்தேர்வோனிடம் வினவ வழியில்லை.

இதன் தீங்கு பொழுதுபோக்கோடு நிற்பதன்று. தனக்குப் பழகிய முகம், பழகிய மொழி, பழகிய கருத்து இவற்றையன்றி வேறெதனையும் காணாது வளரும் இளைஞன், வேறுபட்ட மனிதரைக் கண்டால் அஞ்சவோ வெறுக்கவோ தலைப்படுவான். பல்வேறு சமயத்தார், பல்வேறு மொழியினர் கலந்து வாழும் நாட்டில் இது சிறு தீங்கு அன்று.

நாம் செய்யத் தக்கது

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கூடம், ஒரு படங்காட்டும் கருவி, ஒரு வெண்திரை, படைப்புரிமை உடையோரின் இசைவு, தேர்ந்து நிரல்படுத்தும் அறிவுடையோர் இருவர் மூவர் இருப்பின் ஒரு கல்லூரியே ஆண்டிற்கு ஒரு நாள் இத்தகைய அரங்காகலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு நிரலைக் காண்போம். முதலில் சத்யஜித் ராய் 1964இல் எடுத்த 'டூ' என்னும் குறும்படம். உரையாடலே இல்லை. மாளிகைச் சிறுவன் ஒருவனும் குடிசைச் சிறுவன் ஒருவனும் தத்தம் விளையாட்டுப் பொருள்களால் போட்டியிடுகின்றனர். ஏழையின் பட்டத்தைச் செல்வன் சுட்டு வீழ்த்துகிறான். அடுத்து, கனடா நாட்டு நார்மன் மெக்லாரன் 1952இல் படைத்த 'நெய்பர்ஸ்'. எட்டு நிமிடமே. அடுத்தடுத்த வீட்டார் இருவர் ஒரு பூவிற்காகச் சண்டையிட்டு மாய்கின்றனர். மூன்றாவதாக, ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றைப் பற்றி எடுத்த 'தி ஹவுஸ் இஸ் பிளாக்'. இறுதியாக, அதே ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி 1987இல் எடுத்த 'வேர் இஸ் தி ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்?'. வகுப்புத் தோழனின் குறிப்பேட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட சிறுவன், தோழன் தண்டனை பெறாதிருக்க அதனை ஒப்படைக்க வேண்டி ஊர் விட்டு ஊர் ஓடும் கதை.

முதற்படத்தின் சிறு பொறாமை, இரண்டாம் படத்தில் கொலையாக முற்றுகிறது. மூன்றாம் படம், சமூகம் ஒதுக்கிய முகங்களின்முன் நம்மை நிறுத்துகிறது. நான்காம் படத்தில் ஒரு சிறுவன் தன்னலம் மறந்து பிறனுக்காக ஓடுகிறான். தனித்தனியே கண்டால் நான்கு படங்கள்; இந்நிரலில் கண்டால் பகையினின்று பரிவை நோக்கிய ஒரு பயணம். இவை நான்கும் மூன்று மணி நேரத்திற்குள் அடங்கும். எஞ்சிய பொழுதை உரையாடலுக்கு ஒதுக்கலாம். உரையாடல் இல்லாத திரையிடல் உரை இல்லாத செய்யுள் போன்றது. பலர்க்கு விளங்காமலே போய்விடும்.

தமிழ்த்துறை மாணவர்கள் இப்பணிக்கு மிகவும் தகுதியுடையோர் என்பது என் துணிபு. திணை அறிந்தவர்கள் அவர்கள். ஒன்றை அடுத்து மற்றொன்றை வைப்பதன் நயம் அறிந்தவர்கள். தொகுத்தோர் பெயரை மறவாது காத்த மரபிற்கு உரியவர்கள். வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு நாளை இதற்கென ஒதுக்குமாறு துறையும் நிருவாகமும் ஆவன செய்தல் வேண்டும். எதனைக் காண்பது என்பதைக் கருவியின் கணக்கிடம் விட்டுவிட்டு வாளா இருப்பதினும், நம்முள் சிலரேனும் கற்றுத் தேர்ந்து, 'இதனைக் காணுங்கள், இதன்பின் இதனைக் காணுங்கள்' எனப் பிறர்க்குச் சொல்லும் பொறுப்பை ஏற்பது மேல். அப்பொறுப்பை ஏற்கும் மாணவர் எந்த ஊரில் எழுகின்றனரோ, அந்த ஊரின் சிறு கூடமும் ஒரு நல்ல திரையரங்காகும்.